நாணலுக்குள் இறங்கிய சொற்கள்

ஓபர்லிண்டன் நகரத்தில் சின்னச் சொற்கள் வேலைக்கு வராமல் போனது ஒரு ஐப்பசிச் செவ்வாய்க்கிழமை. காலையில் பாண் வாங்கப் போன சனம்தான் அதை முதலில் அறிந்தது. ஏனென்றால் பேக்கரிக்காரி ரோட் அம்மா கடை வாசலுக்கு வந்து, "நான் கடையை" என்று தொடங்கி, செய்கிறேன் என்பதையும் சொல்லிவிட்டு, திறக்கிறாளா பூட்டுகிறாளா என்று காட்ட வேண்டிய அந்தக் கடைசிச் சின்னச் சொல் வாய்க்கு வராமல், திறந்த வாய் திறந்தபடி குளிருக்குள் நின்றாள்.

ஜேர்மன் பாஷை தெரியாதவர்களுக்கு இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த நாட்டுக்காரர் ஒரு வினையைச் சொல்லும்போது அதன் தலையைக் கழற்றி வாக்கியத்தின் வாலுக்கு அனுப்பிவிடுவார்கள். "செய்கிறேன் கதவை" என்று முதலில் வரும். கடைசியில் ஒரு சின்னச் சொல் ஓடிவந்து குந்தும். 'அவுஃப்' குந்தினால் கதவு திறக்கும், 'சூ' குந்தினால் சாத்தும். அகதிகளாய் அந்த ஊரில் வந்து விழுந்த நாங்கள் இதைப் பாடமாக்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆனால் உள்ளுக்குள் அது எங்களுக்குப் புதிதுமில்லை. வந்தாரா வரவில்லையா, தருவாரா தரமாட்டாரா என்பது எங்கள் பாஷையிலும் வாலில்தானே தெரியும். வால் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்து பழகிய சனம் நாங்கள்.

ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கி, "கொலோனுக்கான ரயில் ஓடுகிறது" என்று சொல்லி நின்றுவிட்டது. வெளிக்கிடுகிறதா உள்ளே வருகிறதா என்று தெரியாமல் ஏறப் போனவர்களும் இறங்கப் போனவர்களும் வாசற்படியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீடுகளில் ஒருத்தர் விளக்கைப் போடச் சொன்னார், மற்றவர் அணைத்தார். தபால்காரன் யோர்க் பல நாளாய்ச் சேர்த்துவைத்த துணிச்சலை எல்லாம் கூட்டி மருந்துக்கடைப் பெண்ணிடம் கல்யாணம் கேட்டான். அவள் முகம் சிவந்து, "நான் சொல்கிறேன்" என்றாள். 'சூ' வந்தால் சம்மதம், 'அப்' வந்தால் மறுப்பு, இரண்டுமே வரவில்லை. அவன் தன் தபால் பையோடு அன்று முழுக்க அந்தக் கடையில் நின்றான், அவளும் அவனைப் போகச் சொல்லவில்லை.

அவை எங்கே போயின என்பதை ஆற்றில் வாத்துகளுக்குத் தீனி போடப் போனவர்கள் வந்து சொன்னார்கள். பாலத்துக்குக் கீழே, நாணல் அடர்ந்த கரையில், ஆயிரக்கணக்கில் இறங்கி இருந்தன. கண்ணுக்குத் தெரியவில்லை. காற்றில்லாத நேரத்திலும் நாணல் வளைந்து நிமிர்ந்தது, அதற்குள்ளிருந்து அவுஃப் என்றும் சூ என்றும் அப் என்றும் அவுஸ் என்றும் ஓயாத சத்தம் கேட்டது. வேதக் கோயில் பாதிரியார் போய்ப் பார்த்துவிட்டு வந்து, எத்தனையோ நூறு வருஷமாய் மற்றவர்களுடைய வாக்கியத்தின் வாலில் ஓடிப்போய் நின்ற அலுப்பு அவற்றுக்கு, கொஞ்சம் இருந்துவிட்டு வரட்டும் என்றார். அதற்கு மேல் யாரும் காரணம் கேட்கவில்லை.

கேட்கிறதுக்கு நேரமும் இல்லை, ஏனென்றால் ஒரு கிழமைக்குள்ளேயே ஊர் அதற்கு ஏற்றபடி நடக்கப் பழகிவிட்டது. சில்லறை விஷயங்களுக்குக் கையைக் காட்டினார்கள்: மேலே, கீழே, உள்ளே, வெளியே. கையால் முடியாத பெரிய வாக்கியங்களுக்கு ஆற்றுக்குப் போனார்கள். கரையில் நின்று வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் பொறுமையாய் இருந்தால், நாணலுக்குள்ளிருந்து அதற்குரிய சொல் பதில் சொல்லும். தபால்காரன் மருந்துக்கடைப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனான். அவள் "நான் சொல்கிறேன்" என்றாள், நாணல் "சூ" என்றது, அவன் தபால் பையைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டு அழுதான். அதற்குப் பிறகு நகரசபை அங்கே சனம் உட்கார வாங்குகள் போட்டது, ரோட் அம்மா ஒரு கோப்பிக் கடை வைத்தாள், ஞாயிற்றுக்கிழமைகளில் முடியாத வாக்கியங்களோடு வந்த சனம் பாலம்வரை வரிசையில் நின்றது.

எல்லாச் சொற்களும் போகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 'ஃபெர்', 'பெ', 'எண்ட்' என்று சில இருக்கின்றன. அவையும் ஒரு காலத்தில் தனியாய், தன்பாட்டில் திரிந்த சொற்கள்தான். ஏதோ ஒரு குளிர்காலத்தில் பெரிய சொல் ஒன்றின் தோளில் சாய்ந்து, சாய்ந்தபடியே ஒட்டிப்போய், கழற்ற முடியாமல் ஆகிவிட்டவை. அவை அப்படியே இருந்தன. போனவை எல்லாம் இன்னும் ஒட்டாதவை, கழன்று நிற்கத் தெரிந்தவை.

இனித் தவமலரைப் பற்றிச் சொல்கிறேன். நெடுந்தீவுக்காரி. முதியோர் இல்லம் ஒன்றில் படுக்கை விரிப்புகள் தோய்க்கிற வேலை. புருஷன் குகநேசன் ஒரு இத்தாலிச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினான். சாதுவான மனிதன், வாசல் மணி அடித்தால் எழும்பி நிற்பான். அவர்களுக்கு ஆரபி என்று ஒரு பெண்பிள்ளை, அந்த ஊரிலேயே பிறந்தது. அகதி மனுவுக்கு மறுப்பு வந்து, மேல்மனுவுக்கும் மறுப்பு வந்து, சின்னச் சொற்கள் ஆற்றுக்குப் போன அதே மாதத்தில் அவர்களை வெளிநாட்டவர் அலுவல் பார்க்கும் அரச கந்தோருக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. அந்த மாநிலத்துக் கந்தோர்களில் ஒரு பழைய வழக்கம்: இப்படியான உத்தரவை முகத்துக்கு நேரே, முழு வாக்கியமாய், வாயால் சொல்லவேண்டும். சொல்லி முடித்தால்தான் உத்தரவு.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் ப்ரிங்க்மன் அம்மா. ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தார், கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார், பிள்ளைக்கு எப்போதும் ஒரு இனிப்பு எடுத்துக் கொடுப்பார். அன்றும் கொடுத்தார். கொடுத்துவிட்டு எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"நாங்கள் உங்களைத் தள்ளுகிறோம்" என்றார்.

'ஷீபன்' என்றால் வெறும் தள்ளுதல், கைவண்டியைத் தள்ளுவது போல. அதன் வாலில் 'அப்' வந்து குந்தினால்தான் நாடு கடத்துதல். எங்கள் 'அப்பால்' போல அந்த 'அப்' என்று எங்கள் ஆட்கள் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். அது வரவில்லை. ப்ரிங்க்மன் அம்மா வாயைத் திறந்தபடி யன்னலைப் பார்த்தார்.

"எங்கே?" என்று தவமலர் ஜேர்மனில் கேட்டாள். "கதவுப் பக்கமா, யன்னல் பக்கமா?"

"நான் என்ன சொல்ல வருகிறேன் என்று உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். ஆனால் நீங்கள் இன்னும் சொல்லவில்லை."

குகநேசன் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தான். அவள் அசையவில்லை. ப்ரிங்க்மன் அம்மா மூன்றாம் முறையும் முயற்சித்துவிட்டு நாற்காலியில் இருந்துகொண்டார். தவமலர் பிள்ளையின் குளிர்ச் சட்டைக்குப் பொத்தான் போட்டு, "வணக்கம்" சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

பஸ்ஸில் குகநேசன் அவள் காதருகே குனிந்தான்.

"தவம், நான் சொல்லுறதைக் கேள். அவள் வசனத்தை முடிக்க முன்னம் பிரான்சுக்கு, பரிஸுக்குப் போயிடுவம். என்ரை மச்சான் லாச்சப்பலில கடை வைச்சிருக்கிறான். ஒரு சொல்லுச் சொன்னால் காரில வந்து ஏத்திக்கொண்டு போவான்."

"இஞ்சருங்கோ, நெடுந்தீவில இருந்து குறிகட்டுவானுக்கு ஓடினம். அங்கயிருந்து வவுனியா, பிறகு கொழும்பு, பிறகு கிழக்கு பேர்லின். எல்லா இடத்திலயும் ஆரும் வாயைத் திறக்க முன்னமே நாங்கள் ஓடியிட்டம். இந்தமுறை அவை சொல்லி முடிக்கட்டும். நான் இருந்து கேக்கப்போறன்."

"முடிச்சால்?"

"முடிச்சால் பிறகு நான் கதைப்பன்."

"நீ கதைச்சு என்னடி வரப்போகுது?"

"என்ன வந்தாலும் அது இஞ்சை வரட்டும்" என்றாள். அதற்குப் பிறகு அவர்கள் பரிஸைப் பற்றிக் கதைக்கவில்லை, ஆனாலும் குகநேசன் காலில் சப்பாத்தோடு படுக்கத் தொடங்கினான்.

வழக்கத்தை விட்டுக் கந்தோர் எழுத்தில் முயன்றது. ஆனால் எழுத்திலும் அந்தச் சொற்கள் இருக்கவில்லை. அச்சடித்த கடதாசியில் அவை நிற்க வேண்டிய இடம் வெள்ளையாய்க் கிடந்தது. தலைப்பில் கொட்டை எழுத்தில் இருக்க வேண்டிய நாடுகடத்தல் என்ற சொல், தன் 'அப்'பை இழந்து 'ஷீபுங்' என்று மட்டும் வந்தது. ஷீபுங் என்றால் அந்த நாட்டில் கள்ள விளையாட்டு. காற்பந்து மைதானத்தில் நடுவர் ஒரு பக்கம் சாய்ந்தால் சனம் எழுந்து நின்று கத்துகிற சொல் அது. அரச முத்திரையோடு, கந்தோரே தன் வேலைக்குக் கள்ள விளையாட்டு என்று பெயர் எழுதி வீட்டுக்கு அனுப்பியிருந்தது. தோய்க்கிற இடத்துப் பெண்கள் அந்தக் கடதாசியைப் பார்த்துவிட்டுச் சிரித்துச் சிரித்து ஈர விரிப்புகள்மேல் விழுந்தார்கள். ரோட் அம்மா அதைத் தன் கடைக் கண்ணாடியில் ஒட்டினாள்.

எல்லோரும் சிரிக்கவில்லை. இறைச்சிக்கடைக்காரன் தன் வாசலில் நின்று, சட்டம் சட்டம்தான், சொல் வந்தாலும் வராவிட்டாலும் போகவேண்டியவர்கள் போகவேண்டும் என்றான். அவன் பக்கம் தலையாட்டவும் ஆட்கள் இருந்தார்கள். பஸ்ஸில் தவமலருக்குப் பக்கத்து இருக்கை சில நாள் வெறுமையாய் இருந்தது. சில நாள் ஒருவர் வந்து வேண்டுமென்றே பக்கத்தில் இருந்து, அவள் இறங்கும்வரை கதைத்துக்கொண்டு வந்தார். ஊர் அப்படி இரண்டாய் நின்றது.

கார்த்திகை முடிவில் மாநிலத் தலைநகரிலிருந்து கந்தோரின் மேலதிகாரி டொக்டர் ஃபோஸ் வந்தார். மெல்லிய மனிதர், கையுறையைக் கழற்றாமல் கதைப்பவர். நகரசபை மண்டபத்தில் ஊரைக் கூட்டி, இதில் அதிசயம் ஒன்றும் இல்லை என்றார். ஒரு காலத்தில் 'ஃபெர்' தனியே திரிந்தது, 'பெ' தனியே திரிந்தது, எல்லாம் காலத்தில் ஒட்டின. இப்போது நாம் இவற்றையும் ஒட்டிவிடுவோம், இன்றிலிருந்து யாரும் சொல்லைக் கழற்றி வாலுக்கு அனுப்பக்கூடாது, முன்னால் சேர்த்தே சொல்லவேண்டும், இது உத்தரவு என்றார்.

ஊர் முயன்று பார்த்தது. வாயை அகலத் திறந்து, 'சூ'வைச் செய்கிறேன் என்பதன் முன்னால் வைத்து அழுத்தினார்கள். முன்னால் வைத்த இடத்தில் காற்றுத்தான் வந்தது. ரோட் அம்மா மண்டபத்திலேயே எழுந்து நின்றாள்.

"டொக்டர் ஐயா, ஒட்டினவை ஒட்ட விரும்பி ஒட்டின. அதுக்கு அவை எத்தனை தலைமுறை எடுத்தன? நீங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னம் ஒட்டச் சொல்றீங்கள்."

டொக்டர் ஃபோஸ் சிரித்தார். "சரி, ஒட்டாததை விடுவோம். ஏற்கெனவே ஒட்டியதை எடுப்போம்." அவர் ப்ரிங்க்மன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "'ஃபெர்ட்றைபன்' இருக்கிறதே. துரத்துதல். 'ஃபெர்' அதில் கல்லில் கல்லாய் ஒட்டியிருக்கிறது, எந்த ஆற்றுக்கும் போகாது. நாங்கள் உங்களைத் துரத்துகிறோம் என்று சொல்லுங்கள். வாக்கியம் முழுசு, வேலை முடிந்தது."

தவமலர் குடும்பம் மண்டபத்தின் கடைசி வாங்கில் இருந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ப்ரிங்க்மன் அம்மா எழுந்தார். கண்ணாடியைப் போட்டார், கழற்றினார்.

"அந்தச் சொல்லை நான் சொல்லமாட்டேன்."

"அம்மா, இது உங்கள் உத்தியோகம்."

"யுத்தம் முடிந்த வருஷம் எனக்கு நாலு வயசு" என்றார் ப்ரிங்க்மன் அம்மா. "கிழக்கே எங்கள் வீட்டு முற்றத்தில் வைத்து என் தாயிடம் அந்தச் சொல்லைச் சொன்னார்கள். அடுப்பில் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. அதை இறக்க விடவில்லை. நாங்கள் மாட்டு வண்டியில் வந்தோம், மாட்டு ரயிலில் வந்தோம், தம்பி வழியில் செத்துப்போனான். இந்த ஊரில் பாதிப் பேருக்கு அந்தச் சொல்தான் பெயராய் இருந்தது, துரத்தப்பட்டவர் என்று. பள்ளிக்கூடத்தில் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள்." அவர் இறைச்சிக்கடைக்காரனைப் பார்த்தார். "உன் தகப்பனையும்தான், ஹைன்ஸ்."

இறைச்சிக்கடைக்காரன் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ப்ரிங்க்மன் அம்மா மேடையிலிருந்து இறங்கி நடந்து, கடைசி வாங்கில் ஆரபிக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

டொக்டர் ஃபோஸுக்குக் கடைசியாய் ஒரு வழி இருந்தது. அது எல்லோருக்கும் தெரிந்த வழி. நாணல் இதுவரை யாருக்கும் பதில் சொல்லாமல் விட்டதில்லை. வாக்கியம் நல்லதா கெட்டதா என்று அது பார்த்ததில்லை. கல்யாணத்துக்கும் சொன்னது, கடன்காரனுக்கும் சொன்னது, பெண்டாட்டியை விட்டுப் போனவனுக்கும் சொன்னது. சனிக்கிழமை காலை, ஆற்றோரம் பனி உறைந்திருந்த நேரத்தில், அவர் பொலிஸ்காரர் இருவரோடும் தவமலர் குடும்பத்தோடும் கரைக்கு வந்தார். ஊர் முழுக்கப் பின்னால் வந்தது. தமிழ் ஆட்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தோம். எங்களுக்கும் அந்தக் கடிதங்கள் எந்த நேரமும் வரலாம் என்று இருந்த காலம் அது.

டொக்டர் ஃபோஸ் தண்ணீர் ஓரமாய்ப் போய் நின்று கடதாசியை விரித்தார். அவர் வாயைத் திறக்கப்போன நேரம் தவமலர் முன்னால் வந்தாள். சேலைக்கு மேலே யாரோ கொடுத்த பெரிய பச்சைக் கோட்டு. காலில் தோய்க்கிற இடத்து ரப்பர்ச் சப்பாத்து.

"முதலில் நான்" என்றாள் ஜேர்மனில்.

"இது உங்கள் வாக்கியம் அல்ல, அம்மணி."

"என்னைப் பற்றிய வாக்கியம். அப்ப நான்தான் முதலில்."

பொலிஸ்காரர் அசைந்தார்கள். ரோட் அம்மா அவர்களுக்கு முன்னால் போய் நின்று, "கோப்பி குடியுங்கள்" என்றாள், அவர்கள் கோப்பியை வாங்கிக்கொண்டார்கள். தவமலர் நாணலைப் பார்க்கவில்லை. திரும்பி ஊரைப் பார்த்து நின்றாள். அவள் உரத்துக் கதைக்கிற பெண் அல்ல, ஆனால் தீவுக்காரி, கடற்காற்றை மீறி வள்ளத்துக்குக் குரல் கொடுத்து வளர்ந்தவள்.

"வியர் ப்ளைபன்" என்றாள்.

நாங்கள் இருக்கிறோம். போகவில்லை, இங்கேயே இருப்போம்.

பழக்கத்தில் எல்லோரும் வாலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். வால் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சனத்துக்கு விளங்கியது, அந்த வாக்கியத்துக்கு வால் தேவையில்லை என்று. அது முடிந்துவிட்டது, முழுசாய் நிற்கிறது, அதற்கு ஆற்றிடம் கேட்க ஒன்றுமில்லை.

அதே நேரம் நாணலுக்குள் ஐப்பசியிலிருந்து ஒரு கணமும் ஓயாத சத்தம் நின்றது. ஏன் நின்றது என்று நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். 'ப்ளைபன்' என்ற அந்தச் சொல்லுக்குள்ளும் அவற்றின் இனத்தான் ஒருவன் இருக்கிறான். மிகப் பழைய காலத்தில் 'பி' என்று ஒரு சின்னச் சொல், எங்கிருந்தோ வந்து, 'லீபன்' என்ற இன்னொரு சொல்லின் பக்கத்தில் ஒதுங்கியது. இருந்தது. இருந்து இருந்து தன் உயிரெழுத்தையே உதிர்த்துவிட்டு, வெறும் ஒரு மெய்யாய் உள்ளே போய்விட்டது. இன்றைக்கு எந்த ஜேர்மன்காரனுக்கும் அந்தச் சொல்லில் வந்தது எது, முன்னமே இருந்தது எது என்று பிரித்துக் காட்ட முடியாது. வந்து தங்கியவன்தான் தங்குதல் என்ற சொல்லுக்கே முதல் எழுத்து. நாணலுக்குள் இருந்தவை தங்கள் பாட்டன் குரலைக் கேட்டு அடங்கின என்றுதான் நான் நினைக்கிறேன். வேறு மாதிரி நினைப்பவர்களோடு எனக்கு வழக்கில்லை.

டொக்டர் ஃபோஸ் தன் வாக்கியத்தைச் சொன்னார். "நாங்கள் உங்களைத் தள்ளுகிறோம்." நாணல் பேசவில்லை. திரும்பவும் சொன்னார். தண்ணீரில் காலை வைத்து, குனிந்து, நாணலுக்குள்ளேயே முகத்தை விட்டுச் சொன்னார். ஒரு வாத்து எழும்பிப் பறந்தது.

அப்போது குகநேசன், வாசல் மணிக்கு எழும்பி நிற்கிற குகநேசன், பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் வந்து பெண்சாதிக்குப் பக்கத்தில் நின்றான். அவனும் சொன்னான்: "வியர் ப்ளைபன்." பிறகு எங்களில் ஒருவர் சொன்னார். பிறகு நாங்கள் எல்லோரும் சொன்னோம். பின்னால் ப்ரிங்க்மன் அம்மாவின் குரலும் கேட்டது. டொக்டர் ஃபோஸ் மறுபடியும் கடதாசியைத் தூக்கியபோது, கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு ஆள், மைதானத்தில் கத்துகிற அதே குரலில், "ஷீபுங்!" என்று கத்தினான். திரும்பிப் பார்த்தோம். இறைச்சிக்கடைக்காரன் ஹைன்ஸ். அதற்குப் பிறகு பாலம் அதிர ஊரே கத்தியது. அவர் நனைந்த சப்பாத்தோடு காருக்குப் போனார்.

பங்குனியில் சின்னச் சொற்கள் ஒவ்வொன்றாய் வேலைக்குத் திரும்பின. கதவுகள் திறக்கிறதும் சாத்துவதும் தெளிவாயின, ரயில்கள் ஒழுங்காய் வெளிக்கிட்டன. சிலது வந்த வழியில் யாரோடோ ஒட்டிக்கொண்டு இனிக் கழலமாட்டேன் என்றன. ஊர் அவற்றை அப்படியே சொல்லப் பழகிக்கொண்டது, பள்ளிக்கூடத்தில் வாத்திமார் கொஞ்ச நாள் சிவப்புக் கோடு போட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். 'அப்'பும் வந்தது. மரம் வெட்டவும் தொலைபேசி எடுக்கவும் மேசை துடைக்கவும் ஓடி ஓடி வேலை செய்தது. ஆனால் ஓபர்லிண்டன் எல்லைக்குள் அந்த ஒரு வாக்கியத்தின் வாலில் மட்டும் அது வந்து குந்தவில்லை. தலைநகரிலிருந்து வேறு ஆட்களை அனுப்பிப் பார்த்தார்கள். நாவன்மை உள்ளவர்கள், வழக்கறிஞர்கள், ஒருமுறை ஒரு நாடக நடிகரையும் அனுப்பினார்கள். முடியவில்லை. முடியாத உத்தரவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், ப்ரிங்க்மன் அம்மாவின் கந்தோர் தவமலர் குடும்பத்துக்கு இருக்க அனுமதி கொடுத்தது.

அத்தோடு தவமலர் விரிப்புத் தோய்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அடுத்த மாரிக்காலத்தில் பக்கத்து நகரம் ஒன்றில் பருத்தித்துறைக் குடும்பம் ஒன்றுக்குக் கடிதம் வந்தது. கணவன், மனைவி, இரட்டைப் பிள்ளைகள். அந்த ஊரில் 'அப்' ஒழுங்காய் வேலை செய்தது. தவமலர் காலை ரயிலில் போய், அவர்களுடைய சமையல் குசினியில் நின்று, உடுப்புகளைப் பைக்குள் போடச் சொல்லி, மத்தியான ரயிலில் அவர்களை ஓபர்லிண்டனுக்குக் கூட்டிவந்து தன் வீட்டில் பாயை விரித்தாள். பிறகு வேறு குடும்பங்கள் வந்தன; கொங்கோக்காரர், குர்திக்காரர், பெயர் வாயில் வராத நாடுகளிலிருந்து ஆட்கள். ரோட் அம்மா மாக்கிடங்கைத் திறந்து கட்டில் போட்டாள், பாதிரியார் மண்டபத்தைத் திறந்தார், ஹைன்ஸ் எலும்பு அனுப்பினான், சூப்புக்கு.

பருத்தித்துறைக் குடும்பத்தைத் தேடி அவர்களுடைய நகரத்திலிருந்து ஒரு அதிகாரி தொலைபேசி எடுத்தார். தவமலர்தான் தூக்கினாள். அந்தக் குடும்பம் உடனடியாகத் தன் கந்தோருக்குத் திரும்பி வரவேண்டும், உத்தரவு ஒன்றை வாசித்துக் காட்டவேண்டியிருக்கிறது என்றார் அவர்.

"அவர்கள் வரமாட்டார்கள்" என்றாள். "இங்கே அடுப்பில் கிழங்கு வேகுது. வாசிக்க வேண்டுமென்றால் நீங்கள் இங்கே வாங்கோ. வந்து, எங்கள் எல்லோருக்கும் முன்னால் நின்று, முழுசாய்ச் சொல்லி முடியுங்கோ பார்ப்போம்."